பிரிண்டர் அக்காவும் புது மூளைக்காரனும்

பள்ளிக்கூட அலுவலக மேசையில் பிரிண்டர் அக்கா பதினோரு வருஷமாகக் குடியிருந்தாள். பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போன அன்று அவளுக்கு வருத்தமே இல்லை.

"நீ பாதியில நின்னுபோயி, எத்தனை நாள் நான் வாயில தாளோட தவிச்சிருக்கேன்! போய்ட்டு வா அண்ணே" என்று வழியனுப்பினாள்.

புதிதாக வந்தவன் சூடாகாமல், சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தான்.

"தம்பி, அச்சடிக்க ஏதாவது குடுப்பா."

"அக்கா, நீங்க பேசுறது புரியுது. வேலை செய்யுற பாஷைதான் புரியல. என் பிராசஸரே, அதான் மூளையே, வேற வகை. உங்க பாஷைய எனக்குப் புரியவைக்கிற சாஃப்ட்வேர் ஒண்ணு இருக்கு, டிரைவர்னு பேரு. உங்க கம்பெனி எனக்கேத்த மாதிரி அதை எழுதித் தந்தாத்தான் உண்டு."

"எழுதுவாங்கல்ல?"

அவன் இணையத்தில் தேடிப் பார்த்தான். "உங்க மாடலையே மறந்துட்டாங்க அக்கா."

அந்த நேரம் கிளார்க் தேவசகாயம் வந்து அவளுடைய பொத்தானை அழுத்திப் பிடித்தார். கம்ப்யூட்டர் துணையில்லாமல் அவளால் அடிக்க முடிந்தது சோதனைத் தாள் ஒன்றுதான். ஆண்டவரே, ஒரு எழுத்துகூட மங்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே அடித்தாள். கன்னங்கரேலென்று, கோடு பிசகாமல் வந்தது.

"மிஷின்ல ஒரு குறையும் இல்லையே" என்று அவர் சொன்னபோது அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அவர் அந்தத் தாளைத் திருப்பினார். வெற்றுப் பக்கத்தில் 'எடைக்குப் போட' என்று பேனாவால் எழுதி, அவள் முகத்திலேயே ஒட்டினார்.