ஒட்டடைக் கம்பு

டொக். டொக். டொக்.

ஸ்கிப்பிங் கயிற்றைப் பிடித்தபடி அவன் மூச்சு வாங்கத் தரையைப் பார்த்தான். நூறு எண்ணி முடித்து நின்றானோ இல்லையோ, கீழ்வீட்டு அம்மா கம்பை எடுத்துவிட்டார். அவருடைய கூரைதான் அவனுடைய தரை.

"ஆரம்பிச்சாச்சு" என்று காலி வீட்டிடம் சொன்னான். வீடு வழக்கம்போல் வாயைத் திறக்கவில்லை.

அவனுக்குக் கட்டட வரைபடம் போடுகிற வேலை. இரண்டு வீட்டுக்கும் நடுவே இருப்பது ஐந்து அங்குலக் கான்கிரீட் என்பது அவனுக்கு மனப்பாடம். மூன்று மாதம் முன்பு ஒரு காலையில் அலுவலக மேசையில் உட்கார்ந்தவன், காரணமே இல்லாமல் அழத் தொடங்கி மதியம் வரை நிறுத்தவில்லை. டாக்டர் நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்தார்.

"மாத்திரை மட்டும் போதாது, உடம்பையும் அசைக்கணும். கயிறு குதிங்க. ஆனா ஒரு நாள் குதிச்சா, மறுநாள் ஓய்வு."

முதல் பாதி காதில் ஏறியது. மறு பாதி ஏறவில்லை. குதிக்கிற நாள் எப்படியோ நகர்ந்துவிடும். ஓய்வு நாளில் கட்டிலில் விழுந்தால் எழுந்திருக்க ஒரு காரணம் கிடைக்காது. ஃபோன் செய்ய ஆளில்லை, வந்து எட்டிப் பார்க்கவும் ஆளில்லை. அதனால் தினமும் காலை ஆறு மணிக்கு, நூறு நூறாக மூன்று தடவை குதித்தான்.

தட்டல் ஆரம்பித்து ஆறு வாரம்தான் ஆகிறது. முதலில் ஒன்றே ஒன்று, எலி சுரண்டுகிற மாதிரி மெல்லக் கேட்டது. அப்புறம் இரண்டானது. இப்போது மூன்று, அதுவும் நல்ல ஓசையோடு. வாரத்துக்கு வாரம் கோபம் ஏறுகிறது என்று அவன் கணக்குப் போட்டுக்கொண்டான்.

ஒருமுறை மாடிப்படியில் எதிரே வந்தபோது சமாதானமாகக் கையசைத்துப் பார்த்தான். அந்த அம்மா தலையை மட்டும் ஆட்டிவிட்டு, கையை உடம்போடு ஒட்டி வைத்தபடியே இறங்கிப் போய்விட்டார். பதிலுக்குக் கையைத் தூக்கக்கூட மனசில்லை, அவ்வளவு கோபம்.

சொன்னால் வெட்கக்கேடு, ஆனாலும் அந்தத் தட்டலுக்காக அவன் காத்திருக்கத் தொடங்கியிருந்தான். நாள் முழுவதிலும் அவனைத் திட்டுவதற்காவது ஓர் ஆள் இருந்தது அந்த ஒரு நேரம்தான்.

கடைசியில் கால் காட்டிக்கொடுத்தது. முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பை டாக்டர் விரலால் லேசாக அழுத்தினார். அவன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டான்.

"தினமும் குதிக்கிறீங்க, அப்படித்தானே?"

அவன் ஆமென்று தலையாட்டினான்.

"குதிக்கிறப்ப எலும்பு கொஞ்சம் அடிபடும். சும்மா இருக்கிறப்பதான் அது தன்னைச் சரி பண்ணிக்கும். மனசும் அப்படித்தான். இன்னும் ரெண்டு வாரம் இப்படியே போனா விரிசல் விட்டுடும். அப்புறம் மாசக்கணக்குல படுக்கைதான்."

படுக்கை என்றதும்தான் அவனுக்குப் பயம் வந்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கயிறு ஆணியிலேயே தொங்கியது. அவன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆறு பத்து. ஆறேகால். கீழே ஒரு சத்தமும் இல்லை. தொல்லை விட்டது என்று நிம்மதியாகத் தூங்குவார். இனிமேல் அந்தத் திட்டும் கிடையாது.

வாசல் மணி அடித்தது.

திறந்தால், கீழ்வீட்டு அம்மா. இடது கையில் ஆளுயரத்துக்கும் மேலே ஓர் ஒட்டடைக் கம்பு. அடிக்கவே வந்துவிட்டார் என்று அவன் ஓரடி பின்வாங்கினான்.

"மன்னிச்சுடுங்கம்மா. இனிமே சத்தம் வராது. நிறுத்திட்டேன்."

அவர் முகம் சுண்டிப்போனது. "நிறுத்திட்டீங்களா? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? ஆறு மணியிலேருந்து கம்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்."

"தட்டுறதுக்கா?"

"தூக்குறதுக்கு."

அவர் உள்ளே வந்து, கம்பை இரண்டு கையாலும் பிடித்து மேலே உயர்த்தினார். இடது கை சுலபமாகப் போயிற்று. வலது கை தோளருகில் நின்று, நடுங்கி, ஒவ்வோர் அங்குலமாக ஏறியது. கம்பின் நுனி கூரையைத் தொட்டது. டொக்.

"போன வருஷம் வாதம் வந்து இந்த வலது பக்கம் விழுந்துபோச்சு, தம்பி. இப்படித் தூக்கித் தூக்கி இறக்குனாத்தான் கை வரும்னாங்க. தனியா நின்னு செய்ய மனசே வரலை. ஒரு நாள் மேல நீங்க குதிக்கிற சத்தம் கேட்டுச்சு. சரி, துணைக்கு ஒரு ஆள் இருக்குன்னு ஆரம்பிச்சேன். நீங்க நூறு முடிச்சு மூச்சு வாங்குறப்ப நான் தூக்குவேன். முதல்ல கூரைக்கே எட்டலை. இப்ப மூணு."

அவனுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது.

"முழுசா நிறுத்தலைம்மா. ஒரு நாள் விட்டு ஒரு நாள் குதிக்கச் சொல்லியிருக்காங்க. நான்தான் ஓய்வே கொடுக்காம காலைக் கெடுத்துக்கிட்டேன்."

அவர் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, வலது தோளைத் தேய்த்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எனக்கும் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் செய்யச் சொன்னாங்க. நீங்க நிறுத்தாம நான் எப்படித் தம்பி நிறுத்துறது?"