கைவிரித்த கணினி

திருநாளன்று மாதா சொரூபத்தைக் கடலில் ஏற்றிப் போவது எந்தப் படகின் முறை? அடிபிடி வராமலிருக்க, அதைப் பங்கு அலுவலகக் கணினிதான் சொல்லவேண்டும் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டிருந்தார்கள். இந்த வருடம் கணினியே கைவிரித்துவிட்டது.

"'கடைசியாக ஏற்றிய வருடம்' எண்டு அட்டவணையில ஒரு நிரலே இல்லையாம், பாதர்," என்றாள் கணினி பார்க்கும் கிறேஸ். வெளியே தாழ்வுபாடு ஊர்ப் படகுக்காரர்கள் சண்டைக்கு ஆயத்தமாகச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"கடவுள் சித்தம், பிள்ளை! இந்தமுறை ட்ரக்டரில றோட்டால கொண்டுபோவம்," என்றார் பங்குத்தந்தை, முகமெல்லாம் மலர்ச்சியாக.

கிறேஸ் விடவில்லை. கணினியில் அந்த அட்டவணையைச் செய்துகொடுத்த தெயோபிலுக்குத் தொலைபேசியில் கோல் எடுத்தாள்.

"நிரல் எங்கயும் போகாது அக்கா. ஆரோ பெயரை மாத்தியிருக்கினம். எல்லா நிரலின்ர பெயரையும் எடுத்துப் பாருங்கோ."

எடுத்தாள். படகின் பெயர், உரிமையாளர், பதிவு இலக்கம்... அடுத்ததைக் கண்டதும் அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. கடவுச்சொல் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அவள் எதையும் மாற்றவில்லை.

"பாதர், அந்த நிரலின்ர பெயர் இப்ப 'மாதாவே என்னைக் கரையிலேயே விடும்' எண்டு கிடக்குது."

"மெல்லமாச் சொல்லும் பிள்ளை! போன வருசம் படகில அவவுக்குப் பக்கத்தில இருந்து, அலை ஆட்டத்தில சத்தியெடுத்தே நான் பட்ட பாடு அந்த மாதாவுக்குத்தான் தெரியும்."