பின்னல் நுனி

"மீனு தொட்டே வருசக்கணக்காச்சுங்க டாக்டரம்மா. மாதா மேல சத்தியமா சொல்றேன்."

தோட்டத்து டிஸ்பென்சரியில் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து அகஸ்டினா இதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு நேரே வந்திருந்தாள். எதிரில் இருந்த டாக்டர் ஸவாஹிராவுக்கு அவள் சொல்வதை நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் மனம் வரவில்லை.

கடல் மீனில் பாதரசம் சேர்கிறது என்று உலகமே பேசத் தொடங்கியிருந்த எழுபதுகளின் நடுப்பகுதி அது. சின்ன மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன விஷமும் கூடிக்கொண்டே போகும். கடைசியில் சுறாவைத் தின்கிற மனிதனின் உடம்பில் வந்து உட்காரும். கடலோரத்து ஆட்களிடம் அது எவ்வளவு என்று பார்க்கக் கிளம்பியவள் ஸவாஹிரா. ஒப்பிட்டுப் பார்க்கக் கடலையே காணாத ஆட்களும் வேண்டுமே. அதற்காகத்தான் முன்பொருமுறை இந்த நமுனுகுல மலைக்கு வந்து பெண்களிடம் ஆளுக்குக் கொஞ்சம் முடி கேட்டு வாங்கிப் போனாள்.

ஆள் தின்றதையெல்லாம் முடி தனக்குள் வாங்கி வைத்துக்கொள்ளும். படித்துத் தெரிந்ததுதான், ஆனாலும் பாதரசத்தை அளக்கிற இயந்திரத்தின் முள் நகரும்போதெல்லாம் ஸவாஹிராவுக்கு உடம்பு சிலிர்க்கும். ஊதினால் பறக்கிற மயிரிழைக்குள் ஒருவருடைய சோற்றுத் தட்டையே மடித்து வைத்திருக்கிறானே என்று படைத்தவனை நினைத்து வியந்து போவாள்.

மலைப் பெண்களின் முடிக்கு முள் லேசாக அசைந்ததோடு சரி. அகஸ்டினாவின் முடிக்கு மட்டும் அது எழும்பி, கடற்கரைக்காரர்களையும் தாண்டிப் போய் நின்றது.

அதைப் பார்த்த நாளிலிருந்து ஸவாஹிராவுக்குச் சோறு இறங்கவில்லை. அவளுடைய வாப்பா அலவி பதுளையில் கருவாட்டுக் கடை வைத்திருந்தார். இந்தத் தோட்டத் தொழிலாளர் லயங்களில் மணக்கிற கருவாடெல்லாம் அவர் கடைச் சரக்குதான். மகளை டாக்டருக்குப் படிக்க வைத்ததும் அதே கருவாடுதான். வாப்பாவின் கையாலேயே விஷம் மலையேறியிருக்குமோ? மேலிடத்துக்கு எழுதுவதற்கு முன் அகஸ்டினாவின் வாயால் கேட்டுவிட வேண்டும் என்று பஸ் ஏறி வந்துவிட்டாள்.

அகஸ்டினாவை அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. முடியைக் கழுத்தடியில் வெட்டத்தான் அன்று கத்தரியை எடுத்தாள். பெண்கள் சம்மதிக்கவில்லை, பின்னல் நுனியில் வேண்டுமானால் எடுங்கள் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். அகஸ்டினா இன்னும் ஒருபடி மேலே போனாள். கொஞ்சமாக வெட்டச் சொன்னாள். பார்த்து முடிந்ததும் திருப்பித் தருவீர்கள்தானே என்றும் கேட்டாள். வெட்டின முடியைத் திருப்பிக் கேட்கிற பெண்ணை ஸவாஹிரா பார்த்ததே இல்லை. சிரித்துவிட்டாள்.

இப்போது சிரிப்பு வரவில்லை. விரல் மரத்துப் போகிறதா, நடை தள்ளாடுகிறதா, கண் மங்குகிறதா என்று கேட்டாள். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்றாள் அகஸ்டினா. ஊசியைக் கொடுத்து நூல் கோக்கச் சொன்னபோது கண்மூடித் திறப்பதற்குள் கோத்துக் கொடுத்தாள்.

"எங்க வாப்பா கடைன்னு தயங்காதீங்கம்மா. நீங்க மறைச்சாலும் முடி மறைக்காது. பெரிய பெரிய கடல் மீனா சாப்பிட்டிருக்கீங்க. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, நாள் தவறாம."

அகஸ்டினா நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் இருந்த பயம் எங்கோ போய்விட்டது.

"முடி அதையெல்லாமா சொல்லுது?"

"சொல்லுது."

"பொய் சொல்லாதுங்களா?"

"மனுசர் மறந்தாலும் முடி மறக்காது."

"நாள் தவறாமலா சாப்புட்டதுன்னு சொல்லுது?"

கேட்கும்போதே அவள் குரல் உடைந்தது. பிடிபட்டுவிட்டாள் என்று நினைத்தாள் ஸவாஹிரா. வாப்பாவின் முகம் கண்முன் வந்தது. எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

அகஸ்டினா இரண்டு கைகளையும் பின்னந்தலைக்குக் கொண்டுபோய் எதையோ அவிழ்த்தாள். நீளப் பின்னல் அப்படியே கழன்று வந்தது. அது சவுரி. தலையில் மிஞ்சியது நரையோடிய குட்டை முடிதான். சவுரியை மடியில் போட்டுத் தடவிக் கொடுத்தாள்.

"எம்மக பிரான்சிஸ்காவோட முடிங்க. மாவு கெடைக்காம லயமே பட்டினி கெடந்த வருசம், நீர்கொழும்புல ஒரு மீன் முதலாளி வூட்டு வேலைக்கு அனுப்புனோம். காய்ச்சல்ல போயிட்டா. அங்கேயே அடக்கம் பண்ணிட்டு, ஆஸ்பத்திரியில வெட்டுன இந்த முடிய மட்டும் குடுத்து விட்டாங்க."

வாப்பா தப்பினார் என்று மூச்சுவிடக்கூட ஸவாஹிராவுக்குத் தோன்றவில்லை. முள் போய் நின்ற இடத்தை ஒரு சிறுமியின் உடம்பில் வைத்துப் பார்த்தாள்: அந்தப் பிள்ளைக்குள் அவ்வளவு விஷம்.

அகஸ்டினாவோ திருநாள் பூசைக்கு வந்தவள்போல முகமெல்லாம் மலர்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "எம்புள்ளைக்கு அங்க வயித்துக்குப் போட்டாங்களோ இல்லையோன்னு, சோத்துல கைய வைக்கிறப்பல்லாம் அழுவேன் டாக்டரம்மா... நாள் தவறாம மீனு குடுத்திருக்காங்க."