நான்காவது டிஸ்க்

மதிய வெயிலில் சாப்பாட்டு மேசைமேல் வீட்டு சர்வர் மூடி கழற்றப்பட்டுக் கிடக்கிறது. புகைப்படக்காரரின் இருபது வருட உழைப்பு அதற்குள்தான் இருக்கிறது. காலையிலிருந்து நான்கு ஹார்டு டிஸ்க்கில் இரண்டைக் கம்ப்யூட்டர் திரை காட்டவில்லை. "செத்துப்போச்சுன்னு கம்ப்யூட்டர் கடைக்காரரே போன்ல சொல்லிட்டாரு, விடு" என்கிறார் அவர். மனைவி அதைக் காதில் வாங்காமல் டிஸ்க்கின்மேல் உள்ளங்கையை வைக்கிறாள். "உள்ள தட்டு சுத்தவே இல்லைங்க. கரண்டே வராம அது எப்படிப் பேசும்?" சுவிட்சை அணைத்துவிட்டு ஒயரை உருவுகிறாள், இரண்டு டிஸ்க்குக்கும் மின்சாரம் தரும் முனை கருகியிருக்கிறது. வேறு ஒயரைச் செருகிச் சுவிட்சைப் போடுகிறாள். மெல்லிய முனகல் எழுகிறது. திரையில் மூன்றாவது டிஸ்க் வருகிறது, பிறகு நான்காவதும். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைக்காரரை அழைக்கிறார். "அண்ணே, ஒண்ணும் சாகலை. எங்க வீட்டம்மா பொழைக்க வச்சுட்டாங்க!" அவள் நிமிர்ந்து உட்கார்கிறாள். "ஸ்பீக்கர்ல போடுங்க. என்ன சொல்றார்னு நானும் கேக்கணும்."