நாலு சுவருக்கு எது போதும்?

"சத்தம் வருமா தம்பி? குழந்தை பக்கத்துலயே தூங்கும்."

கடைக்குள் வந்து, தோளில் விழுந்திருந்த பனித்தூளைத் தட்டிவிட்டபடி ஒரு பெண்மணி கேட்டார். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும்.

"கம்மியா வெச்சா சத்தமே தெரியாதுக்கா" என்றான் எர்தென், காற்று சுத்தம் செய்யும் மெஷினைத் தட்டிக் காட்டி. "ஃபிளாட்டா, கூடாரமா?"

"கூடாரம்தான்."

"எத்தனை சுவர்?"

பெட்டியின் மேல் சதுர மீட்டர்தான் அச்சடித்திருக்கும். மங்கோலியத் தலைநகர் உலான்பாதரின் கூடாரவாசிகளுக்கு அது கணக்கே இல்லை. மடக்கிப் பிரிக்கிற சுவர்த் தட்டி நாலா, ஐந்தா என்று சொல்லித்தான் வாங்குவார்கள்.

"நாலுன்னு நினைக்கிறேன். கூரையை மட்டும்தான் பார்த்திருக்கேன்."

எர்தென் நிமிர்ந்தான். "உள்ள போனதே இல்லையா?"

"எந்த முகத்தோட போறது?" அவர் குரல் இறங்கியது. "குழந்தை இருமுறது காதுல விழும்போதெல்லாம் சாப்பாடு இறங்கல தம்பி."

மகன் வீடாக இருக்கும், மருமகளோடு பேச்சுவார்த்தை இல்லை போலிருக்கிறது என்று எர்தென் முடிவு கட்டினான். எல்லா வீட்டிலும் இருப்பதுதான்.

"இந்தப் பெரிசு எப்படி? விலை கூட இருந்தாலும் பரவாயில்ல. குழந்தைக்கு நல்லதா இருக்கணும்."

எர்தென் பெரிய மெஷினைப் பார்த்தான். இந்த வாரம் பெரிய மெஷின் ஐந்து விற்பவருக்குச் சின்ன மெஷின் ஒன்று பரிசு என்று மேலாளர் சொல்லியிருந்தார். நாலு விற்றாகிவிட்டது. இன்றுதான் கடைசி நாள். மேய்ச்சல் நிலத்தை விட்டு இலையுதிர் காலத்தில் நகரத்துக்குக் குடிவந்ததிலிருந்து அவனுடைய மூன்று வயது மகளும்தான் இருமிக்கொண்டிருக்கிறாள்.

'ஆமாக்கா, இதுதான் வேணும்' என்பது நாக்கு நுனிவரை வந்தது. அந்தப் பெண்மணியின் கையுறையில் கட்டைவிரல் கிழிந்து, வேறு நிற நூலால் தைத்திருந்தது. மனதுக்குள் புத்தரைக் கும்பிட்டுக்கொண்டான்.

"பெரிசு வேணாங்க்கா. நாலு சுவருக்கு இந்தச் சின்னதே தாராளம். மிச்சத்துல இன்னொரு ஃபில்டர் வாங்கி வெச்சுக்குங்க. நம்ம ஊர்ப் புகைக்கு சீக்கிரம் கறுத்துடும்."

"பெரிசை வித்தா உனக்குத்தானே நல்லது?"

"நல்லதுதான். ஆனா குழந்தை விஷயத்துல பொய் சொல்ல மனசு வரல. என் வீட்டுக்குன்னாலும் இதைத்தான் எடுப்பேன்."

"நெஜமாவா?"

"நெஜமாத்தான்."

அவர் சின்ன மெஷினைத் தொட்டுக் காட்டினார். "அப்ப இதையே குடு."

"ஒண்ணே ஒண்ணுக்கா, சாமி மாடத்துக்குப் பக்கத்துல மட்டும் வைக்க வேணாம். போன வாரம் ஒருத்தர், புதுப் பொருளாச்சேன்னு மெஷினை அங்க உக்கார வெச்சு, தூபம் போட்டுட்டாரு. அந்தப் புகைக்கு மெஷின்ல சிவப்பு விளக்கு எரிஞ்சிருக்கு. கெட்டுப்போச்சுன்னு தூக்கிட்டு வந்து ஒரே சண்டை!"

"மெஷினுக்கே தூபமா!" அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"நீங்க சுமக்க வேணாம், கடை வண்டியில அனுப்பிடறோம். பேரும் விலாசமும் எழுதுங்க."

நிதானமாக எழுதி, வலது கையை இடது கையால் தாங்கி, சீட்டை மரியாதையாக நீட்டினார்.

வாங்கிப் படித்த எர்தென், முதல் வரிக்கே திரும்பிப் போய் மறுபடி படித்தான். பாயன்கோஷூ, பதினாறாம் தெரு, நாற்பத்திரண்டாம் எண் வாசல். அனுஜினுக்கு.

"அக்கா... இது என் வீடு. அனுஜின் என் பொண்ணு!"

"தெரியும் தம்பி. தினம் காலையில நீ இந்தக் கடைச் சட்டையோட கிளம்புறதை வேலிப் பலகை இடுக்கு வழியா பார்ப்பேனே" என்றார் அவர். "வேலிக்கு அந்தப் பக்கம் நான்தான். என் அடுப்புப் புகைதான் உங்க கூரை மேல வந்து விழுது."