பிரஷ் பட்ட காசு

“பேஸ்ட்டா? பல் தேய்க்கிற பேஸ்ட்டா?”

மாமனார் மூன்றாவது முறையாகக் கேட்டார். கையிலிருந்த தங்கக் காசின் எழுத்துகளுக்கு இடையே வெள்ளை வெள்ளையாக இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

“ஆமா மாமா” என்றாள் மருமகள். “கொஞ்சம் கறுத்த மாதிரி இருந்துது. நாளைக்குக் கண்காட்சியாச்சே, பளிச்னு இருக்கட்டுமேன்னு பழைய பிரஷ்ஷால...”

“தங்கம் எங்கேயாவது கறுக்குமா? ஏம்மா, இது என்ன அடிப்பிடிச்ச பாத்திரமா?”

சோபாவில் உட்கார்ந்தார். உடனே எழுந்தார்.

“இது ப்ரூஃப் காசு. செலவுக்கு அடிச்சதில்லை. அச்சைக் கண்ணாடி மாதிரி மெருகேத்தி, மாதிரிக்குன்னு விரல்விட்டு எண்ணுற அளவுதான் அடிச்சாங்க. நூத்தம்பது வருஷமா ஒரு கடைக் கல்லாவையும் பார்க்காத காசு! வாங்கின பதினெட்டு வருஷத்துல நானே கையுறை இல்லாமத் தொட்டதில்லை. தும்மல் வந்தா வாசலுக்கு ஓடுவேன். உனக்குத் தெரியாதா?”

“தெரியும் மாமா.”

“தெரிஞ்சேதான் தேய்ச்சியா?”

அவள் கணவன் தலையில் கை வைத்துக்கொண்டான். “படிச்சவதானே நீ? ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யக் கூடாதா?”

“தப்புதாங்க.”

“தப்பாம் தப்பு! தேய்ச்ச காசை நாணயச் சங்கத்துல மேஜை மேலேயே வைக்க விடமாட்டாங்க. நாளைக்கு அறுபது பேர் முன்னாடி, சங்கத்து நிபுணர் நம்ம லென்ஸ் சார் பரிசோதிச்சு சான்றிதழ் தர்றதா இருந்தது. எல்லாம் போச்சு!”

வர முடியாது என்று சங்கத்துக்குச் சொல்ல, மாமனார் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார்.

கணவன் அவள் பின்னாலேயே சமையலறைக்குள் வந்தான். “உன் மூளையை எங்கே அடகு வெச்சே?”

அவள் குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்துக்குள் மெதுவாகச் சொன்னாள்.

“காலையில லென்ஸ் சார் போன் பண்ணினார். மாமா குளிச்சுட்டு இருந்தார், நான்தான் எடுத்தேன். மாமா அனுப்பின போட்டோவைப் பெரிசாக்கிப் பார்த்தாராம். அது வார்த்து எடுத்த நகலாம். மேல்பூச்சு மட்டும்தான் தங்கமாம்.”

“என்ன சொல்றே?”

“‘லென்ஸ் வெச்சுட்டா என்னால பொய் சொல்ல முடியாதும்மா, எப்படியாவது கொண்டுவர விடாதீங்க’ன்னார். போன வருஷம் ஒருத்தரோட காசு போலின்னு, அவரை அத்தனை பேர் நடுவுல கேலி பண்ணினதே நம்ம மாமாதானாம். அந்த மனுஷன் அப்புறம் சங்கத்துப் பக்கமே வரலையாம்.”

அவன் பால்கனிப் பக்கம் எட்டிப் பார்த்தான்.

“என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?”

“சொல்லியிருந்தா உங்களால இப்படித் திட்டியிருக்க முடியுமா? மாமாதான் நம்பியிருப்பாரா?”

பால்கனியிலிருந்து மாமனாரின் குரல், தண்ணீர்ச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

“காசு நூத்துக்கு நூறு அசல்யா! எனக்கு வாய்ச்ச மருமகதான் போலி!”