விரல் பதியவில்லை

“மறுபடி வை.”

வைத்தாள். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

“துடைச்சிட்டு வை.”

சட்டையில் துடைத்தாள். தோல் செதில் செதிலாக வந்தது. மறுபடியும் சிவப்பு.

“சரி, தள்ளு. இன்னிக்கு நீ வரலை,” என்றார் வருகைப் பதிவு கிளார்க்.

“உங்க கண்ணு முன்னாடி நிக்கிறேனே சார். அப்ப இது யாரு, என் ஆவியா?”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்களில் சிலர் கைகளைப் பின்னால் கட்டியிருந்தார்கள்.

“ஆவியோ ஆளோ, மெஷின் ஒத்துக்கணும்.”

“ரேகை இருந்தாத்தானே ஒத்துக்கும்? ஷூவுக்கு அடி ஒட்டுறேன். ஓரத்துல பிரஷ் போகாது, விரலாலதான் பசையைத் தேய்க்கணும். அரிச்சு, வெடிச்சு, உரிஞ்சே போச்சு. என் ரேகையெல்லாம் யார் யாரோ காலுக்கடியில கிடக்கு சார்.”

மேனேஜர் வந்தார். “என்ன சத்தம்?”

“விரல் பதியலை சார்,” என்றார் கிளார்க்.

மேனேஜர் எட்ட நின்றே அவள் கையைப் பார்த்தார். “பாத்திரம் தேய்க்கிற சோப்பு சில பேருக்கு ஒத்துக்காது. பசையில ஒண்ணும் இல்ல.”

“எங்க வீட்டுல ரெண்டு மாசமா அவருதான் சார் பாத்திரம் தேய்க்கிறாரு. வந்து அவர் கையைப் பாருங்க, பூ மாதிரி இருக்கும்.”

மறுபடியும் சிரிப்பு. மேனேஜர் முகம் இறுகியது.

“மாசத்துல மூணு நாள் வரலைன்னா பேரை எடுத்துடுவோம், தெரியும்ல? இவளுக்கு இது எத்தனாவது?”

“மூணாவது சார்.” கிளார்க் நோட்டைக்கூடப் பார்க்கவில்லை.

“ஒரு தாள்ல கையெழுத்தாவது வாங்கிக்கோங்க சார்.”

“தாளெல்லாம் செல்லாது.”

“எழுதத் தெரியாதவங்களைக் கைநாட்டுன்னு கேலி பண்ணுவாங்க. அந்தக் கைநாட்டு வைக்கக்கூட வக்கில்லாமப் பண்ணிட்டீங்களே! நீங்கெல்லாம் மனுஷங்கதானா?”

“பேச்சைக் குறை,” என்றார் மேனேஜர். “லைன்ல ஆள் குறையக் கூடாது. போய் வேலையைப் பாரு.”

“வராதவ எப்படி சார் வேலை பார்ப்பா?”

“அதான் சார் சொல்றாருல்ல? போ!” என்று கத்தினார் கிளார்க்.

விரல் பட்டால் கண் எரியும். கண்ணீரை முழங்கையால் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

“நல்ல ஜால்ரா,” என்று யாரோ கிளார்க்கின் காதுபடவே சொன்னார்கள்.

மணி அடித்தது. வரிசை கரைந்தது. மேனேஜர் மாடியேறிப் போனார்.

கிளார்க் பெட்டியோடு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். பெட்டியில் அவள் எண்ணை அடித்து, தன் இடது சுண்டுவிரலை வைத்தார்.

பச்சை. திரையில் அவள் படமும், கீழே ‘வருகை’ என்ற எழுத்தும் வந்தன.

அடுத்த எண்ணை அடித்தார். மோதிர விரலை வைத்தார்.